கிரேக்கப் பல்தெய்வ வழிபாட்டில் வீட்டுப் படையலும் வேண்டுதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழங்கிரேக்கத் தெய்வங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் முதலில் தொன்மக் கதைகள் வரும், பேச்சு முடிகிற நேரத்தில், "அதெல்லாம் சரி, வீட்டுக்குள் அவர்கள் என்னதான் செய்தார்கள்?" என்ற கேள்வி தவறாமல் வந்து சேரும். ஒரே ஐயங்களுக்குப் பல முறை பதில் சொல்லிச் சலித்த பிறகு, கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். பண்டைச் சான்று எதுவரை வருகிறது, இக்காலத்தவர் தாமாக நிரப்பிக்கொண்டது எங்கே தொடங்குகிறது என்பதையும் இயன்றவரை பிரித்துக் காட்டியிருக்கிறேன். படையல், தீட்டு, வேண்டுதல் முதலிய சொற்களைக் கிரேக்கச் சொற்களுக்கு ஈடாகவே ஆள்கிறேன்; அவற்றோடு நம்முடைய வழக்கங்களையும் சேர்த்துப் படித்துவிட வேண்டாம்.

இது செத்துப்போன மதம்தானே? இப்போது யார் இதையெல்லாம் செய்கிறார்கள்?

பொது வழிபாடு அறுந்துபோனது உண்மை. ரோமப் பேரரசர் தியோடோசியஸ் கி.பி. 392 நவம்பர் 8 அன்று பிறப்பித்த ஆணை, கோயில் பலிகளைத் தடுத்ததோடு நிற்காமல், வீட்டுக்குள் தெய்வங்களுக்கு நெருப்பும் மதுவும் நறும்புகையும் கொடுப்பதையும், விளக்கேற்றுவதையும், மாலை தொங்கவிடுவதையும் ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டுத் தடை செய்தது. ஆணையில் வரும் வீட்டுத் தெய்வங்களின் பெயர்கள் ரோமானியருடையவை என்றாலும், அது கிரேக்கர் வாழ்ந்த கிழக்குப் பகுதிக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. ஒரு வழக்கத்தை ஒழிக்க நினைத்தவர்களே அதன் பட்டியலை நமக்குப் பத்திரமாக விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

இன்றைய வழிபாடு புதிதாகக் கட்டியெழுப்பப்பட்டது. பாட்டியிடமிருந்து பேத்திக்கு அறாமல் வந்த மரபு என்று அதைச் சொல்ல முடியாது. கிரேக்க மரபுச் சமயத்தாரின் உச்ச மன்றம் 1997இல் ஏதென்ஸில் தொடங்கப்பட்டது. 2017இல் கிரேக்க அரசு இச்சமயத்தைச் சட்டப்படி அறியப்பட்ட மதங்களுள் ஒன்றாக ஏற்றது. கிரேக்கத்துக்கு வெளியே பல நாடுகளிலும் தனியாட்களாகவும் சிறு குழுக்களாகவும் இதைப் பின்பற்றுவோர் உள்ளனர். பக்கத்தில் கோயில் இல்லாத அவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டு வழிபாடே முழு வழிபாடாகவும் ஆகிவிடுகிறது.

வீட்டில் சாமி அறை மாதிரி ஓர் இடம் இருந்ததா? எந்தத் தெய்வம் எங்கே இருந்தது?

தனி அறை என்று ஒன்று இல்லை. வீடு முழுவதும் தெய்வங்கள் பரவியிருந்தன என்பதே சரியான சித்திரம். தெருவாசலில் அப்போலோ அகுயியேயுஸ், அதாவது தெருவின் அப்போலோ, என்ற பெயரில் மேல்நோக்கிக் குறுகும் ஒரு கல்தூண். பல வீடுகளில் அதே வாசலில் ஹெர்மீஸின் தலை செதுக்கிய சதுரத்தூணும் முச்சந்திகளின் தெய்வமான ஹெக்கட்டேயின் சிறு சன்னிதியும் இருந்தன. கி.மு. 415இல் ஏதென்ஸின் வீட்டு வாசல்களிலும் கோயில் வாசல்களிலும் நின்ற ஹெர்மீஸ் தூண்களை யாரோ ஒரே இரவில் உடைத்துவிட்டபோது நகரமே கலங்கியது. முற்றத்தில் ஜீயஸ் ஹெர்கேயோஸ், அதாவது சுற்றுச்சுவரின் ஜீயஸ், பலிபீடம் கொண்டிருந்தார். அடுப்பில் அடுப்புத் தெய்வமான ஹெஸ்தியா.

சரக்கறையில் இருந்தவரைத்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். உடைமைகளைக் காக்கும் ஜீயஸ் க்தேசியோஸுக்குச் சிலை தேவைப்படவில்லை. மூடியுள்ள, இரு காதுகள் கொண்ட ஒரு புதிய ஜாடியே அவர். ஜாடியின் காதுகளில் வெள்ளைக் கம்பளி நூலைச் சுற்றி, உள்ளே தூய நீர், ஆலிவ் எண்ணெய், பலவகைக் கனி தானியங்கள் ஆகியவற்றை இட்டு வைக்க வேண்டும் என்ற குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. இந்தக் கலவைக்கு அமுதம் என்றே பெயர். இக்காலத்தவர் ஒவ்வொரு மாதமும் ஜாடியைக் கழுவிப் புதிதாக நிரப்புகிறார்கள்.

வீட்டுத் தெய்வங்கள் தனிப்பட்ட பக்தி சார்ந்தவை மட்டுமல்ல என்பதற்கும் ஒரு சான்று உண்டு. ஏதென்ஸில் உயர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவரைப் பதவியேற்புக்கு முன் விசாரிக்கும்போது, தந்தை யார், பாட்டனார் யார் என்ற கேள்விகளை அடுத்து, "உமக்குக் குல அப்போலோவும் ஜீயஸ் ஹெர்கேயோஸும் உண்டா, அவர்களுடைய வழிபாட்டிடங்கள் எங்கே உள்ளன?" என்று கேட்டார்கள். வீட்டுத் தெய்வத்தின் முகவரி சொல்ல முடியாதவன் குடிமகனாகவே ஐயத்துக்குரியவன்.

பூசாரி இல்லாமல் நாமே செய்யலாமா? பெண்கள் செய்வார்களா?

வீட்டில் பூசாரிக்கு வேலையே இல்லை. குடும்பத் தலைவர் செய்வார், குடும்பம் சூழ்ந்து நிற்கும். கி.மு. நான்காம் நூற்றாண்டு ஏதென்ஸில் நடந்த ஒரு சொத்து வழக்கில், கிரோன் என்ற முதியவர் ஜீயஸ் க்தேசியோஸுக்குப் படைக்கும்போது அடிமைகளையோ வெளியாரையோ அருகில் விடாமல் எல்லாவற்றையும் தம் கையாலேயே செய்வார் என்றும், பேரப்பிள்ளைகளான தாங்கள் கூடவே கைவைத்துச் செய்தோம் என்றும் வாதிகள் கூறினார்கள். இரத்த உறவுக்கு அது ஆதாரமாகவே காட்டப்பட்டது.

பெண்கள் தனியாகச் செய்ததற்கும் பழைய சான்று உண்டு. ஹோமரின் ஒடிசி காப்பியத்தில், மகனுக்கு ஆபத்து என்று அறிந்த அரசி பெனலோப்பி குளித்து, தூய ஆடை உடுத்து, பணிப்பெண்களோடு மாடிக்குச் சென்று, ஒரு கூடையில் பார்லி மணிகளை இட்டு ஏதெனாவிடம் வேண்டுகிறாள். படையல் ஒரு கூடைத் தானியம் மட்டுமே. இடம் வீட்டு மாடி. வீட்டு வழிபாட்டுக்கு எது குறைந்தபட்சம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் இந்தக் காட்சியையே சொல்வேன்.

தினமும் குளித்துவிட்டுத்தான் செய்ய வேண்டுமா, கை கழுவினால் போதுமா?

அன்றாடப் படையலுக்குக் கை கழுவுவதே அடிப்படை விதி. கழுவாத கைகளால் விடியற்காலையில் ஜீயஸுக்கு மது ஊற்றாதே, தெய்வங்கள் வேண்டுதலைக் கேட்காமல் துப்பிவிடுவார்கள் என்று பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் கடுமையாகவே எச்சரிக்கிறார். இதற்குரிய நீருக்குக் கெர்னிப்ஸ் என்று பெயர். பலிபீடத்து நெருப்பிலிருந்து எரியும் கொள்ளி ஒன்றை எடுத்து நீரில் அமிழ்த்தி, அந்நீரால் பீடத்தையும் கூடியிருப்போரையும் தெளிப்பதும் வழக்கம். கடல்நீர் தூய்மைப்படுத்தும் என்பது பழைய நம்பிக்கை. கடலுக்குத் தொலைவில் வாழும் இக்காலத்தவர் நீரில் கடலுப்பைக் கரைத்துக்கொள்வது அதிலிருந்து பிறந்த மாற்று ஏற்பாடு.

என்னதான் படைப்பது? பெரிதாகச் செய்ய எனக்கு வசதியில்லையே?

பார்லி, மாவுப் பண்ணியாரங்கள், அத்தி, திராட்சை, தேன், பால், ஆலிவ் எண்ணெய், மது, குந்திரிக்கப் புகை, மாலை ஆகியவையே வீட்டுப் படையலில் மீண்டும் மீண்டும் வருபவை. குந்திரிக்கம் அரேபியாவிலிருந்து வந்த விலைப்பொருள் என்பதால் ஏழைகள் ஒரு சிட்டிகைதான் போட்டிருப்பார்கள். ஹெசியோட் இதிலும் தெளிவாக இருக்கிறார்: உன் சக்திக்கு ஏற்பப் படை, தூய்மையாகப் படை, பலி இல்லாத வேளைகளில் படுக்கப் போகும்போதும் ஒளி வரும்போதும் மதுவும் நறும்புகையும் கொடு.

இது பற்றி ஒரு கதை வழங்கியது. ஆசியாவின் மக்னீசியாவைச் சேர்ந்த பெருஞ்செல்வர் ஒருவர், ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் மாடுகளைப் பலியிட்டுவந்த பெருமிதத்தோடு, குறிகேட்கும் அப்போலோ கோயில் இருந்த டெல்ஃபிக்குச் சென்று, தெய்வங்களை மிகச் சிறப்பாக வழிபடுபவர் யார் என்று கேட்டாராம். அர்காடியாவின் மெதுத்ரியோன் என்ற சிற்றூரில் வாழும் கிளியார்க்கோஸ் என்று விடை வந்தது. திகைத்துப்போன செல்வர் அந்த ஊரைத் தேடிச் சென்று அவரையே கேட்டார். தாம் ஒவ்வொரு மாதமும் பிறை தோன்றும் நாளில் முன்னோர் விட்டுச்சென்ற ஹெர்மீஸ், ஹெக்கட்டே உருவங்களைத் துடைத்து மாலையிட்டுக் குந்திரிக்கமும் பார்லிப் பண்ணியாரமும் வைப்பதாகவும், ஆண்டின் எந்தத் திருநாளையும் தவறவிடுவதில்லை என்றும் கிளியார்க்கோஸ் சொன்னார். மாட்டைப் பற்றி அவர் பேசவே இல்லை.

சிறிய படையலைவிடப் பெரியதே தெய்வங்களுக்கு உவப்பு என்றால் நல்லவர்களின் காணிக்கையைவிடக் கெட்டவர்களின் காணிக்கைதான் பெரும்பாலும் உவப்பாக இருக்கும் என்று சாக்ரடீஸ் சொன்னதாக அவருடைய மாணவர் ஜெனோஃபோன் எழுதிவைத்திருக்கிறார். வசதியில்லை என்று வருந்துபவர்களுக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

ஊற்றுவது என்கிறார்களே, எங்கே ஊற்றுவது? எல்லாவற்றையும் ஊற்றிவிட வேண்டுமா?

இரண்டு வகை உண்டு, அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஸ்பொந்தே என்பது கிண்ணத்திலிருந்து சிறிதளவைத் தெய்வத்துக்கு ஊற்றிவிட்டு மீதியைத் தானும் கூட இருப்போரும் அருந்துவது. கோயே என்பது முழுவதையும் மண்ணில் ஊற்றிவிடுவது. இறந்தோருக்கும் மண்ணுக்கடியில் உறையும் ஆற்றல்களுக்கும் உரியது. ஒடிசியின் நாயகன் ஒடிசியூஸ் இறந்தோரை அழைக்கும்போது ஒரு குழி தோண்டி, தேன்கலந்த பாலும் பின் மதுவும் பின் நீரும் ஊற்றி, மேலே பார்லி மாவைத் தூவுகிறார். அதில் ஒரு துளியையும் அவர் அருந்துவதில்லை. முதல் வகை தெய்வத்தோடு பகிர்ந்துகொள்வது, இரண்டாவது வகை கொடுத்துவிட்டு விலகுவது.

ஸ்பொந்தே எப்படி நடந்தது என்பதற்கு டிரோய்ப் போரைப் பாடும் ஹோமரின் இலியட்டில் கிரேக்க வீரர் அக்கிலீஸ் செய்வதே மிக விரிவான காட்சி. அவரிடம் ஒரு கிண்ணம் இருந்தது. அதில் வேறு யாரும் குடித்ததில்லை, ஜீயஸைத் தவிர வேறு தெய்வத்துக்கு அவர் அதிலிருந்து ஊற்றியதும் இல்லை. பேழையிலிருந்து அதை எடுத்து, கந்தகப் புகையால் தூய்மைப்படுத்தி, நீரில் கழுவி, தம் கைகளையும் கழுவி, மதுவை நிரப்பி, முற்றத்தின் நடுவில் நின்று வானத்தைப் பார்த்தபடி ஊற்றி வேண்டுகிறார். இன்று பலரும் வழிபாட்டுக்கென்றே ஒரு கிண்ணத்தைத் தனியாக வைத்துக்கொள்வது இக்காட்சியை ஒட்டியதே. அடுக்குமாடி வீட்டில் தரையில் ஊற்ற முடியாதவர்கள் ஒரு பாத்திரத்தில் ஊற்றிப் பின்னர் மண்ணில் சேர்க்கிறார்கள்.

முறைவரிசையில் ஒரு விதி எல்லாவற்றுக்கும் மேலாக நின்றது: விருந்தில் முதலும் கடைசியும் ஹெஸ்தியாவுக்கு. அவளே குரோனோஸின் முதல் பிள்ளை. தந்தை பிள்ளைகளை விழுங்கியபோது முதலில் விழுங்கப்பட்டவளும் கக்கியபோது கடைசியாக வெளிவந்தவளும் அவளே என்பதால், மூத்தவளும் இளையவளும் ஆகிறாள். உணவு முடிந்ததும் அகத்தோஸ் தைமோனுக்கு, அதாவது வீட்டின் நல்லாவிக்கு, நீர் கலக்காத மதுவைச் சில துளிகள் ஊற்றினார்கள். குடிவிருந்தின் மூன்றாம் கலயத்தின் ஊற்று காக்கும் ஜீயஸுக்கு உரியது.

எங்கள் வீட்டில் மதுவே கிடையாது. அப்போது இதெல்லாம் செல்லுமா?

செல்லும். மதுவில்லாப் படையலுக்கு நெஃபாலியா என்று தனிப் பெயரே உண்டு; நீர், பால், தேன் ஆகியவை அதில் அடங்கும். பழிவாங்கும் பெண்தெய்வங்களான யூமெனிடஸுக்கு மது ஊற்றவே கூடாது, நீரும் தேனும்தான். ஏதென்ஸில் நினைவின் தெய்வம், விடியல், கதிரவன், நிலவு, நிம்ஃபுகள் ஆகியோருக்கும் மதுவின்றியே படைத்தார்கள். மது வழக்கமாகச் செல்லும் தெய்வங்களுக்கு நீரையோ பாலையோ கொடுப்பது இக்காலத்தவரின் ஏற்பாடு. எனக்கு அதில் குறை தெரியவில்லை.

இதை மறுப்பவர்கள் ஒடிசியிலிருந்து ஓர் எதிர்ச்சான்றைக் கொண்டுவருவார்கள். ஒடிசியூஸின் தோழர்கள் பட்டினியால் மாடுகளைப் பலியிட்டபோது, பார்லி இல்லாததால் ஓக் இலைகளைத் தூவினார்கள், மது இல்லாததால் நீரை ஊற்றினார்கள். பின்னர் கப்பலோடு அழிந்தார்கள். மாற்றுப் பொருள் கொடுத்ததால் அழிந்தார்கள் என்று இதை வாசிப்பது தவறு. அவர்கள் வெட்டியவை கதிரவன் ஹேலியோஸின் சொந்த மாடுகள். ஒருவருடைய மாட்டைத் திருடிப் பலியிட்ட பிறகு மதுவா நீரா என்பது யாருக்கும் பொருட்டாக இருந்திருக்காது.

படைத்த உணவைச் சாப்பிடலாமா, எறிந்துவிட வேண்டுமா?

வான் தெய்வங்களுக்குப் படைத்ததில் ஒரு பங்கு நெருப்பில் சேரும், மற்றது மனிதருக்கு. இறந்தோருக்கும் நிலத்தடித் தெய்வங்களுக்கும் முழுமையாகக் கொடுத்ததை உண்பதில்லை. ஏதென்ஸின் அந்தெஸ்தேரியா விழாவின் மூன்றாம் நாளில், இறந்தோரை வழிநடத்தும் ஹெர்மீஸுக்காக ஒரே பானையில் அவித்த பலதானியத்தை ஒருவரும் சுவைக்கவில்லை. முன்பு சொன்ன ஸ்பொந்தே, கோயே வேறுபாடே இங்கும் ஆள்கிறது.

ஹெஸ்தியாவின் படையல் வீட்டாருக்கே உரியது, வெளியே கொடுக்கப்படாது. அதனால்தான் "அவன் ஹெஸ்தியாவுக்குப் படைக்கிறான்" என்பது கஞ்சனைக் குறிக்கும் பழமொழியாயிற்று. கோயிலில் மேசைமீது வைத்த பண்டங்கள் பூசாரிக்குச் சேரும். நோய் தீர்க்கும் தெய்வமான அஸ்க்ளேபியோஸின் கோயிலில் இரவு படுத்திருந்த ஒருவன், விளக்கணைந்ததும் பூசாரி பலிபீடம் பலிபீடமாகச் சுற்றிவந்து மிச்சப் பண்ணியாரங்களை ஒரு சாக்குப்பைக்குள் "அர்ப்பணித்ததை"க் கண்டதாக அரிஸ்டோஃபனீஸின் நாடகம் ஒன்று கேலி செய்கிறது. வீட்டில் உண்ணாமல் தெய்வத்துக்கே விட்டதை எரிக்கலாம், மண்ணில் புதைக்கலாம்.

எப்படி வேண்டுவது? மந்திரம் ஏதாவது இருக்கிறதா?

மாறாத மந்திரம் என்று எதுவும் கட்டாயமில்லை. அமைப்பு மட்டும் உண்டு. இலியட்டின் தொடக்கத்தில் பூசாரி கிரிசெஸ் அப்போலோவிடம் வேண்டுவது அதற்கு முழுமையான மாதிரி. முதலில் அழைப்பு: வெள்ளி வில்லவனே, கிரிசே நகரையும் புனித கில்லாவையும் காப்பவனே, தெனெதோஸை ஆள்பவனே. அடுத்து உறவை நினைவூட்டுதல்: உன் மனம் மகிழ நான் எப்போதாவது கூரை வேய்ந்திருந்தால், கொழுத்த தொடைத்துண்டுகளை எரித்திருந்தால். கடைசியில் கேட்பது: இந்த ஒன்றைத் தா. இம்மூன்றையும் உங்கள் சொற்களில் சொன்னால் அது வேண்டுதல்தான்.

நடுப்பகுதியைச் சிலர் பேரம் என்று இகழ்கிறார்கள். கிரேக்கர் இதைக் காரிஸ் என்றார்கள்: கொடுப்பதிலும் பெறுவதிலும் இரு தரப்புக்கும் உண்டாகும் மகிழ்ச்சியும் நன்றிக்கடனும் சேர்ந்த உறவு. கிரிசெஸ் விலைப்பட்டியல் வாசிக்கவில்லை. பல ஆண்டுப் பழக்கத்தைச் சொல்லி உரிமையோடு கேட்கிறார். ஒருநாளும் படைக்காதவன் நெருக்கடியில் ஓடிவந்தால் இந்தப் பகுதியில் அவன் சொல்ல ஒன்றும் இருக்காது.

மண்டியிட வேண்டுமா? கை கூப்ப வேண்டுமா?

நின்றுகொண்டு, இரு கைகளையும் உயர்த்தி, உள்ளங்கைகளை வானை நோக்கி விரிப்பதே வழக்கம். கடல் தெய்வங்களுக்குக் கைகள் கடலை நோக்கி நீளும்; நிலத்தடித் தெய்வங்களை அழைக்கும்போது நிலத்தைக் கையால் தட்டுவார்கள். மண்டியிடுவது அரிது, சற்றுக் கேலிக்கும் உரியதாக இருந்தது.

மனதுக்குள் வேண்டினால் கேட்காதா?

கேட்கும், ஆனால் வாய்விட்டுச் சொல்வதே இயல்பு. வெளியே சொல்ல முடியாததைக் கேட்பவன்தான் முணுமுணுப்பான் என்ற ஐயம் கிரேக்கரிடம் இருந்தது. இலியட்டில் கிரேக்க வீரர் அஜாக்ஸ் தம் படையினரிடம், எதிரிகளான டிரோயர்கள் கேட்டுவிடாதபடி மௌனமாக வேண்டுங்கள் என்று சொல்லிவிட்டு, உடனேயே, வேண்டாம், உரக்கவே வேண்டுங்கள், நாம் யாருக்கும் அஞ்சுவதில்லை என்கிறார். அதேவேளை, கடலில் தத்தளித்த ஒடிசியூஸ் முன்பின் அறியாத ஆற்றுத் தெய்வத்திடம் "நீ யாராயினும் கேள்" என்று உள்ளத்திலேயே வேண்டுகிறார். ஆறு தன் ஓட்டத்தை நிறுத்தி அவரை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே, விடுதி அறையிலோ உறவினர் வீட்டிலோ சத்தமாகச் சொல்ல முடியாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

ஜீயஸ் ஒருவர்தானே? எந்தப் பெயரில் அழைத்தால் என்ன?

சரக்கறை ஜீயஸையும் முற்றத்து ஜீயஸையும் மேலே பிரித்துச் சொன்னதைப் படித்தவர்கள் கேட்கும் கேள்வி இது. ஜெனோஃபோனின் அனுபவமே இதற்குப் பதில். கி.மு. 399இல், நீண்ட படையெடுப்பு முடிந்து லாம்ப்சாகோஸுக்கு வந்த அவரிடம் ஊர் திரும்பக்கூடப் பணமில்லை. குதிரையை 50 தாரிக் பொற்காசுகளுக்கு விற்றிருந்தார். அவருடைய பழைய நண்பரான குறிசொல்லி ஒருவர், ஜீயஸ் மெய்லிகியோஸ், அதாவது சாந்தமான ஜீயஸ், உமக்குத் தடையாக நிற்கிறார், வீட்டில் நான் உங்களுக்காகச் செய்துவந்த படையலை வெளிநாட்டிலும் செய்தீரா என்று கேட்டார். செய்யவில்லை. படையெடுப்பு முழுவதும் ஜீயஸ் அரசருக்கு முறையாகப் பலி கொடுத்தவர் அவர், ஆனால் மெய்லிகியோஸுக்கு வீட்டை விட்டு வந்ததிலிருந்து எதுவும் இல்லை. மறுநாள் தம் முன்னோர் வழக்கப்படி பன்றிகளை முழுமையாக எரித்தார். அன்றே பணம் வந்தது, விற்ற குதிரையும் மீட்டுத் தரப்பட்டது.

பெயர் தெரியாமல் தவறிவிடுமோ என்று அஞ்சினால், உமக்கு உவப்பான எந்தப் பெயராயினும் என்று சேர்த்துக்கொள்வது பண்டைய வழக்கமே.

எந்தெந்த நாளில் செய்ய வேண்டும்? தினமும் கட்டாயமா?

ஹெசியோட் சொன்ன காலையும் இரவும் தவிர, மாதச் சுழற்சியே வீட்டு வழிபாட்டின் முதுகெலும்பு. ஏதென்ஸின் மாதம் நிலவைப் பின்பற்றியது. புதுப்பிறை தென்படும் முதல் நாளான நூமேனியா நாள்களில் மிகப் புனிதமானது. கிளியார்க்கோஸ் மாலையிட்ட நாள் அதுவே. இரண்டாம் நாள் அகத்தோஸ் தைமோனுக்கு. நான்காம் நாள் ஹெர்மீஸ், அஃப்ரோடைட் ஆகியோருக்கு. ஆறு ஆர்ட்டெமிஸுக்கு, ஏழு அப்போலோவுக்கு, எட்டு பொசைடோனுக்கு. மாதக் கடைசி, நிலவற்ற இரவு, ஹெக்கட்டேக்கு.

வேலைநாள் நெருக்கடியில் எல்லாவற்றையும் செய்ய இயலாதவர்கள் மாதத்தின் கடைசி நாளையும் அடுத்த இரண்டு நாள்களையும் மட்டும் பிடித்துக்கொள்வது இன்று பரவலான வழக்கம். பழையதைக் கழித்துவிட்டு வீட்டைத் துப்புரவாக்கிப் புதியதைத் தொடங்கும் ஒழுங்கு அந்த மூன்று நாள்களுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆண்டுக்கொரு முறை வருவனவற்றில் புவானெப்சியா எளிமையானது: கம்பளி நூல் சுற்றி அத்தியும் சிறு அப்பங்களும் கட்டிய ஆலிவ் கிளையை வாசல்மேல் தொங்கவிட்டு, அடுத்த ஆண்டுவரை வைத்திருந்தார்கள்.

ஹெக்கட்டேயின் உணவை முச்சந்தியில் வைத்துவிட்டு வந்தால் நாய் தின்றுவிடுமே?

நாய்க்கு முன்னால் ஏழைகள் தின்றார்கள். கி.மு. 388இல் அரங்கேறிய அரிஸ்டோஃபனீஸ் நாடகத்தில், வசதியுள்ளோர் மாதந்தோறும் உணவை அனுப்புவதும், அது கீழே வைக்கப்படும் முன்பே ஏழைகள் பறித்துக்கொள்வதும் எல்லாருக்கும் தெரிந்த செய்தியாகப் பேசப்படுகிறது. இக்காலத்தில் பலர் அன்றைய பங்கைப் பசித்தோருக்கு உணவு வழங்கும் இடங்களில் கொடுத்துவிடுகிறார்கள். நகரத் தெருவில் பூண்டும் முட்டையும் வைத்துவிட்டு வருவதைவிட இது மேலானது என்பதே என் கருத்து. பழைய நிலையும் நடைமுறையில் இதுவாகத்தான் இருந்தது.

வீட்டில் இறப்பு நடந்தால் எத்தனை நாள் நிறுத்த வேண்டும்?

பிறப்பும் இறப்பும் மியாஸ்மா என்ற தீட்டை உண்டாக்கின. அது பாவமோ குற்றமோ அன்று. தொட்டால் ஒட்டும் ஒரு நிலை. இறப்பு நிகழ்ந்த வீட்டு வாசலில், வேறு வீட்டிலிருந்து கொண்டுவந்த நீரை ஒரு கலத்தில் வைத்தார்கள்; வெளியேறுபவர்கள் அதைத் தெளித்துக்கொள்வார்கள். கால அளவு ஊருக்கு ஊர் மாறியது. கியோஸ் தீவின் இயூலிஸ் நகரச் சட்டம், அடக்கத்துக்கு மறுநாளே வீட்டில் கடல்நீர் தெளித்துப் பின்னர் அடுப்பில் படையல் இடச் சொல்கிறது. ஆர்கோஸில் தீட்டுப்பட்ட நெருப்பை அணைத்துவிட்டு, வேறு வீட்டிலிருந்து புதிய நெருப்பைக் கொண்டுவந்தார்கள். சிரேனே நகரச் சட்டப்படி பிறப்பின் தீட்டு, அதே கூரையின்கீழ் இருப்பவர்களுக்கு மூன்று நாள்.

ஒரே எண்ணைக் கேட்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். உங்களுக்கென்று ஓர் அளவை வகுத்துக்கொண்டு அதை மாற்றாமல் கடைப்பிடிப்பதே நடைமுறையில் இயல்வது.

மிருகபலி இல்லாமல் முழுமையாகுமா?

வீட்டில் அது எப்போதும் அன்றாடச் செயலாக இருந்ததில்லை. ஒரு விலங்கின் விலை சாதாரணக் குடும்பத்துக்குப் பெருஞ்செலவு. டெலோஸ் தீவில் அப்போலோ கெனேத்தோரின் பலிபீடத்தில் கோதுமை, பார்லி, பண்ணியாரம் ஆகியவை மட்டுமே வைக்கப்பட்டன, இரத்தம் கிடையாது. பித்தகோரஸ் வழியினரும் உயிர்ப்பலியைத் தவிர்த்தார்கள். இன்று வீட்டில் வழிபடுவோரில் மிகப் பெரும்பாலோர் இவ்வழியையே பின்பற்றுகிறார்கள்.

எங்கள் வீட்டில் மின்சார அடுப்புதான். ஹெஸ்தியாவுக்கு என்ன செய்வது?

ஒரு விளக்கோ மெழுகுவத்தியோ போதும். இதை இக்காலத்தின் சமரசம் என்று பலர் தயங்குகிறார்கள். கி.மு. 348இல் அழிந்த ஒலிந்தோஸ் நகரைத் தோண்டியபோது, நிலையான அடுப்பு கொண்ட வீடுகள் சிறுபான்மையாகவே இருந்தன; மற்ற வீட்டார் தூக்கிச் செல்லும் கரியடுப்பைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். கையில் எடுத்துச் செல்லும் நெருப்பிலும் ஹெஸ்தியா இருந்தாள்.

தப்பாகச் செய்துவிட்டால் தெய்வக் குற்றம் ஆகிவிடுமா?

இந்த அச்சத்துக்குக் கிரேக்கரே பெயர் வைத்துச் சிரித்தார்கள். மனித இயல்புகளை எழுதிய தியோஃப்ராஸ்டஸ் வரையும் மூடபக்தன் நாள் முழுவதும் வாயில் ஒரு லாரல் இலையோடு திரிகிறான். பாதையில் மரநாய் குறுக்கிட்டால், வேறொருவர் முதலில் கடக்கும்வரை நிற்கிறான், அல்லது மூன்று கற்களை எறிகிறான். அவனுடைய மாவுப்பையை எலி கடித்துவிடுகிறது. பரிகாரம் கேட்டுப் போனால், பையைத் தோல்தைப்பவரிடம் கொடுத்துத் தைத்துக்கொள் என்கிறார் சடங்கறிந்தவர். அவன் அதைக் கேளாமல் பரிகாரப் பலியே கொடுக்கிறான். மண்டியிடுவது கேலிக்குரியது என்று சொன்னேனே, முச்சந்திக் கல்லின்முன் எண்ணெய் ஊற்றி மண்டியிடுபவனும் இவனே.

கழுவாத கையும் திருடிய மாடும் குற்றங்கள். வரிசை மாறியதும் சொல் தடுமாறியதும் அடுத்த முறை திருத்திக்கொள்ள வேண்டியவை.

ஒழுங்காகப் படைத்தும் கேட்டது கிடைக்கவில்லை. பிறகு எதற்குப் படைப்பது?

காரிஸ் ஓர் உறவு; ஒப்பந்தம் அன்று. தெய்வம் மறுக்கலாம், மறுப்பதை இலியட் மறைக்கவும் இல்லை. டிரோய் நகரம் முற்றுகையில் இருந்தபோது அரசி ஹெக்குபா தன் அறையிலிருந்த ஆடைகளிலேயே பெரியதும் அழகியதுமான ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள்; பூசாரி தியானோ அதை ஏதெனாவின் மடியில் வைத்து முறைப்படி வேண்டினாள். ஏதெனா தலையை அசைத்து மறுத்துவிட்டாள் என்று ஒரே வரியில் முடிகிறது அக்காட்சி. படையலில் பிழை என்று கவிஞர் எங்கும் சொல்லவில்லை.

முன்பு சொன்ன அக்கிலீஸின் கிண்ணத்துக்கும் இதே கதிதான். அந்த முற்றத்தில் நின்று அவர் இரண்டைக் கேட்டார்: தம் நண்பன் பத்ரோக்ளஸ் கப்பல்களைவிட்டுப் போரை விரட்ட வேண்டும், பின்னர் உயிரோடு திரும்பி வர வேண்டும். ஜீயஸ் முதலாவதைத் தந்தார், இரண்டாவதை மறுத்தார். அது தெரியாத அக்கிலீஸ் குடிலுக்குள் சென்று கிண்ணத்தைப் பேழையில் திரும்ப வைத்துவிட்டு, போரைப் பார்க்க வெளியே வந்து நின்றார்.